பட்டாளத் தோட்டத்தில் ஒரு புதன்கிழமை

"பட்டாளத் தோட்டம்! பட்டாளத்துக்கு யாரு, இறங்கு!"

நடத்துனர் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். டெய்லரம்மா மடியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். முட்டைத் தட்டை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெண் காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

"நல்ல அமைதியான இடம்மா. ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க."

பட்டாளத் தோட்டம் என்றால் சிப்பாய்களின் கல்லறை; பேருந்தே சிரித்தது. டெய்லரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, அதில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். வேண்டாம், முதல் தடவை போகிற இடத்துக்குச் சேற்றுக் காலோடு போனால் நன்றாக இருக்காது. ஓரமாகவே நடந்தாள்.

அந்தக் கல்லறையைப் பார்த்துக்கொள்கிற தோட்டக்காரர் ஒன்றரை வருடமாக அவள் கடைக்கு வாடிக்கை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே, ஒரு தையல் மிஷினும் ஒரு முக்காலியும் போடுகிற அகலத்துக்கு ஓர் இடம். மாதத்துக்கு ஒரு தடவை, முட்டி கிழிந்த கால்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். நாள் முழுக்க முழங்காலில் நின்று களை பிடுங்குகிறவருக்கு முட்டி கிழியாமல் என்ன செய்யும்? அவளுக்கு ஒரே கிழிசலைத் திரும்பத் திரும்பத் தைப்பது பிடிக்காது. பழைய கூடாரத் துணியை இரட்டையாக மடித்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். யானை முழங்கால் போட்டாலும் அது கிழியாது. ஆனாலும் அடுத்த மாதம் வந்துவிட்டார். அவள் கால்சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு நூல் பிசிறு இல்லை.

"இது கிழிஞ்சதா, வெட்டினதா?"

தோட்டக்காரர் கூரையைப் பார்த்தார். "புல்லு வெட்டுற கத்தரி... கை தவறி..."

"ரெண்டு முட்டியிலயும் ஒரே அளவுக்கா கை தவறிச்சு?"

ஐம்பத்தைந்து வயது மனிதருக்குக் காதுமடல் வரை சிவந்துபோனது. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே மறைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவர் மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளை இல்லை. அவள் புருஷன் போய் ஒன்பது வருடம். ஒரே மகள், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறாள். கல்யாண விஷயத்தைக் கேட்டதும் மகள் ஃபோனிலேயே, "அம்மா, முதல்ல சரின்னு சொல்லிடு, அப்புறமா யோசி" என்றாள்.

ஒத்துக்கொள்ளாதவள் அக்காதான்.

"ஆளை நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. ஆனா வீடு எங்கடி இருக்கு? கல்லறைக்கு உள்ள. காலையில கதவத் திறந்தா பொணம், சாயந்தரம் கதவச் சாத்தினா பொணம். எல்லாரும் கடைசியா போற இடத்துக்கு நீ இப்பவே பெட்டி படுக்கையோட குடித்தனம் போறியா?"

"பொணம் இல்லக்கா. சிப்பாய்ங்க."

"செத்த சிப்பாய் பொணமில்லாம பூங்கொத்தா?"

உள்ளதைச் சொன்னால், டெய்லரம்மாவுக்குப் பிணத்திடம் பயம் இல்லை. அவள் பயம் வேறு. கடைக்கு வரும்போதெல்லாம் அவர் பேச்சு முழுக்க அவர்களைப் பற்றித்தான். "நாலாம் வரிசைப் பையன் இந்த மழைக்குச் சாஞ்சுட்டான், ஒரே தொந்தரவு" என்பார். கல் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். "ஆறாம் வரிசைக்காரனுக்கு வெயில் ஆகாது" என்பார். பூச்செடி கருகுகிறது என்று அர்த்தம். ஒரு மனுஷன் நெஞ்சில் நூற்று எண்பத்துமூன்று பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால், புதிதாகப் போகிறவளுக்கு நிற்கவாவது இடம் இருக்குமா? அதைத்தான் நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று கடையை ஒரு நாள் அடைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

இரும்புக் கதவருகே தோட்டக்காரர் நின்றிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. காலில் மட்டும் சேறு அப்பிய பூட்ஸ்.

"வாங்க, வாங்க டெய்லரம்மா. வழி கஷ்டமா இருந்துச்சா?"

"வழி நல்லா இருந்துச்சு. பஸ்ஸுல இருந்தவங்கதான் என்னைக் கடைசி தடவை பாக்கற மாதிரி பாத்தாங்க."

அவருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. "உள்ள வாங்க" என்றார்.

அவள் நினைத்திருந்த இடம் வேறு. இருட்டும் புதரும் காக்கையுமாக ஏதோ ஒன்றை மனத்தில் வைத்திருந்தாள். இங்கே வெட்டவெளியாக வெயில் இறங்கியிருந்தது. இடுப்பு உயரத்துக்கு வெள்ளைக் கற்கள், நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக. ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ஒரு பிடி பூச்செடி. நடுவே கணுக்கால் அளவுக்கு வளர்ந்த ஈரப் புல். கோடியில் ஓட்டுவீடு, பக்கத்தில் தளவாடங்கள் வைக்கிற தகரக் கொட்டகை. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றுப் பாலத்துக்காகப் பதினோரு நாள் நடந்த சண்டையில் செத்தவர்கள் இவர்கள். பாலம் அதற்குப் பிறகு இரண்டு தடவை இடித்துக் கட்டியாகிவிட்டது.

"இது முதல் வரிசை," என்றார் தோட்டக்காரர். "ஸ்ட்ரெச்சர் தூக்கினவங்க, சமையல்காரங்க எல்லாம் இதுலதான்."

"சமையல்காரங்களுமா?"

"பின்ன? சுட்டவங்க மட்டுமா செத்தாங்க? சோறு பொங்கினவங்களும்தான் செத்தாங்க."

அவள் குனிந்து முதல் கல்லில் இருந்த பெயரை வாசித்தாள்.

மழைக்குப் பிறகு வந்த புல்லை இன்றைக்கே வெட்டிவிட வேண்டும், விட்டால் படுத்துக்கொள்ளும், அப்புறம் கத்தி ஏறாது என்று அவர் சொல்லிக்கொண்டே கொட்டகையிலிருந்து புல்வெட்டும் மிஷினை உருட்டி வந்தார். அவள் பார்க்க ஒரு வரிசையாவது வெட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. கயிற்றைச் சுண்டி இழுத்தார். மிஷின் இருமியது, உறுமியது, நாலு அடி போனது, 'பட்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தார். பெல்ட் அறுந்து தொங்கியது.

"போச்சு," என்றார். பரீட்சையில் பெயிலானவர் முகம்.

"வேற பெல்ட் இல்லையா?"

"டவுன்லதான் வாங்கணும். போய் வர ரெண்டு மணி நேரம்... நீங்க வந்த அன்னிக்குப் பாத்து..."

"போயிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்."

"தனியா இருப்பீங்களே."

"தனியாவா? இத்தனை பேரு இருக்காங்க."

இந்தத் தடவை அவர் நன்றாகவே சிரித்தார். சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்தார். "அலமாரியில பதிவேடு இருக்கு, பேர், வரிசை நம்பர் எல்லாம் அதுல இருக்கும். ஆனா யாரும் வர மாட்டாங்க. மழைக் காலத்துல, அதுவும் புதன்கிழமையில, யாரு வரப்போறா?" மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். அதன் சத்தம் தேய்ந்து மறைகிற வரை அவள் கதவருகே நின்றாள்.

பிறகு வரிசைகளுக்குள் நடந்தாள். பெயரைவிட வயதுதான் கண்ணில் பட்டது. பத்தொன்பது. இருபத்துமூன்று. இருபது. அவளையும் அறியாமல் கை அளவெடுத்தது. பத்தொன்பது வயதென்றால் மார்பு முப்பத்துநாலு, இடுப்பு இருபத்தெட்டு இருக்கும். இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைக்கும்போது அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிட வேண்டும், இன்னும் வளர்வார்கள். அந்த நினைப்பு வந்ததும் சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

இரண்டு அறை. ஒரு சமையலறை. அலமாரித் தட்டில் டப்பாக்கள் வெளியே இருக்கிற கற்களைப் போலவே இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுத்து: உப்பு, சீனி, பருப்பு, ஆணி. ஆணியைப் பருப்புக்குப் பக்கத்தில் வைக்கிற மனுஷன். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் இரண்டு. ஒன்று விளிம்பு நெளிந்த பழைய தட்டு. இன்னொன்று பளபளவென்று புதுசு, கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது. குரலா அது, இடி.

"வீட்ல யாரு! யாராவது இருக்கீங்களா!"

அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குடை, துணிப்பை, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நீங்கதான் தோட்டக்காரர் வீட்டம்மாவா?"

டெய்லரம்மா இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். இல்லை என்றால் பிறகு யார் என்று சொல்ல வேண்டும். அது பெரிய கதை. "உள்ள வாங்க," என்றாள்.

"கத்திப் பேசறேன்னு நினைக்காதீங்கம்மா. மரம் அறுக்கிற மில்லுல முப்பது வருஷம். மெதுவாப் பேசவே மறந்துபோச்சு." முக்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "எங்க அண்ணன் இங்கதான் இருக்கான். ஐம்பத்திரண்டு வருஷமா இருக்கான். நான் இன்னிக்குத்தான் வர்றேன்."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"அம்மா விடல. அவன் செத்துட்டான்னு கடுதாசி வந்த அன்னிக்கு, 'எம் புள்ள எங்கயோ இருக்கான், வருவான்'னு சொன்னவங்கதான். சாகிற வரைக்கும் அதே பேச்சு. கல்லறைங்கற வார்த்தையே வீட்ல வரக் கூடாது. போன மாசம் தொண்ணூத்திரண்டு வயசுல போய்ச் சேர்ந்தாங்க. இனிமே எனக்குத் தடை இல்ல பாருங்க." பஞ்சு வைத்த கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். இன்னொண்ணுக்கு அடுத்த மாசம். இப்ப எனக்கு எல்லாம் பால்ல முக்கி எடுத்த மாதிரி தெரியுது. நீங்கதான் இடத்தைக் காட்டணும்."

அண்ணன் பெயரைச் சொன்னார். ஒரு தெருவுக்கு இரண்டு பேராவது வைத்துக்கொள்கிற பெயர். டெய்லரம்மா அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தாள். கோடு போட்ட கனத்த நோட்டு, தோட்டக்காரரின் குண்டு குண்டுக் கையெழுத்து. இரண்டாம் பக்கத்திலேயே பெயர் கிடைத்துவிட்டது. மூன்றாம் வரிசை, ஒன்பதாவது கல். வந்த அன்றைக்கே ஒரு வேலையைச் சரியாக முடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

"கிடைச்சுட்டாரு! வாங்க, போகலாம்."

கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். கல்லின் முன்னால் நிறுத்தி, பெயரை வாசித்துச் சொன்னாள். பெரியவர் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தார். கடைசி எழுத்து வந்ததும் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவள் நாலு கல் தள்ளிப் போய் நின்றாள். தள்ளி நின்று என்ன, மில்லுக் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, நான்தான். சின்னவன். அம்மா போயிட்டாங்கண்ணா... அண்ணா, உன்னோட பச்சை சைக்கிளு. யாருக்கும் குடுக்காதே, நீயும் ஏறாதே, துடைச்சு மட்டும் வைன்னு சொல்லிட்டுப் போனியே. நீ போன மறுநாளே எடுத்துட்டேன். இறக்கத்துல பிரேக் பிடிக்காம வாய்க்கால்ல விட்டுட்டேன். சக்கரம் அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. நீ கடுதாசி போடறப்ப எல்லாம் சைக்கிள் எப்படி இருக்குன்னு கேட்ட. நான் பளபளன்னு இருக்குன்னு எழுதினேன். ஆறு கடுதாசி, ஆறுலயும் பொய். கடைசிக் கடுதாசியில 'லீவுல வந்து உனக்கு ஓட்டக் கத்துத் தர்றேண்டா'ன்னு எழுதியிருந்த. அது வந்து நாலாம் நாள்..."

கல்லைக் கட்டிக்கொண்டு, பதினான்கு வயதுப் பிள்ளை அழுவதுபோல் அழுதார். டெய்லரம்மாவும் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

அழுது முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எழுந்தபோது முகம் கழுவி விட்டாற்போல் இருந்தது. "பசிக்குதும்மா," என்றார் வெள்ளந்தியாக. "அஞ்சு மணிக்குக் கிளம்பினது."

அவரைக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத அந்தச் சமையலறையில் புகுந்தாள். அரிசி களைந்து அடுப்பில் ஏற்றினாள். கூடையில் உருளைக்கிழங்கு இருந்தது, நாலு முட்டை இருந்தது. வெங்காயம் எங்கே என்று தேடினாள். பூ விதைகளோடு ஒரே பெட்டியில் கிடந்தது. 'இந்த மனுஷனை வச்சுக்கிட்டு' என்று முனகிக்கொண்டே நறுக்கினாள். கிழங்கு வெந்துகொண்டிருந்த நேரத்தில், வந்தவர் விவரத்தை எழுதி வைத்துவிடலாம் என்று பார்வையாளர் நோட்டை எடுத்தாள். வரிசை எண்ணை ஒரு தடவை சரிபார்க்கப் பதிவேட்டைப் பிரித்தாள்.

பெயர். மூன்றாம் வரிசை. ஒன்பதாவது கல். லாரி டிரைவர். வயது முப்பத்தொன்று.

முப்பத்தொன்றா? அண்ணனுக்கு எத்தனை வயது என்று அவர் சொல்லவில்லையே. கட்டில் பக்கம் எட்டிப் பார்த்து, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஐயா, உங்க அண்ணன் போறப்ப என்ன வயசு?"

"இருபத்திரண்டு முடியலம்மா. சிக்னல்ல இருந்தான். ஒயர் இழுக்கிற வேலை."

டெய்லரம்மா பக்கங்களைத் தள்ளினாள். ஏழாம் வரிசை, பதினாலாவது கல். அதே பெயர். வயது இருபத்தொன்று. சிக்னல் பிரிவு.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பின்வாசல் வழியாக ஓடினாள். ஏழாம் வரிசை, பதினாலாவது கல். இருந்தான். அதே பெயரோடு, மஞ்சள் பூவோடு, யாரும் வராமல் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் வரிசைக்கு வந்து பார்த்தாள். அங்கே புல் இன்னும் பெரியவர் உட்கார்ந்த அச்சில் நசுங்கியிருந்தது.

சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

சொல்லாமல் விட்டால் என்ன? அந்த மனுஷன் அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விடுவார். அந்தப் பாதிக் கண்ணுக்கு ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை. அவள் தைத்துக் கொடுத்த சட்டைகள் நினைவுக்கு வந்தன. கை மாற்றி வைத்துவிட்டால் உடுத்துகிறவர் கவனிக்காமல் போகலாம். தைத்தவள் அந்தச் சட்டை தெருவில் போகிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் போக, அங்கே ஏழாம் வரிசையில் ஒருத்தன் ஐம்பத்திரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். தம்பி வந்தும் முப்பது அடி தள்ளி நின்று திரும்பிப் போனான் என்றால்?

சொல்ல வேண்டியதுதான். ஆனால் சாப்பிட்ட பிறகு.

புதுத் தட்டின் சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு அதிலேயே பரிமாறினாள். பெரியவர் ரசித்துச் சாப்பிட்டார். "முட்டையில என்னம்மா போட்டீங்க? பிரமாதம்!" என்று இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு ஊசி குத்தினாற்போல் இருந்தது. கை கழுவி வந்து உட்கார்ந்ததும் போட்டு உடைத்துவிட்டாள்.

"ஐயா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். நீங்க பாத்தது உங்க அண்ணன் இல்ல."

"என்னது?"

"அதே பேருல ரெண்டு பேரு இருக்காங்க. நான் முதல்ல கண்ணுல பட்டவரைப் பாத்துட்டு அவசரப்பட்டுட்டேன். அவரு லாரி டிரைவர். வயசு முப்பத்தொண்ணு. உங்க அண்ணன் ஏழாம் வரிசையில இருக்காரு. வயசை ஒரு தடவை வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க."

பெரியவர் அசையவில்லை. கறுப்புக் கண்ணாடி அவள் பக்கமே திரும்பியிருந்தது. முகம் இறுகியது. கோபம்தான் வரப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நான் யாருகிட்டம்மா அழுதேன்?"

"லாரி டிரைவர்கிட்ட."

"முக்கால் மணி நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

"சைக்கிள் கதை பூரா?"

"பூரா."

ஓர் உறுமல் கேட்டது. தொண்டையிலிருந்து கிளம்பி வயிறு குலுங்க வெளியே வந்தது. பெரியவர் சிரித்தார். கட்டில் கயிறு கிறீச்சிட்டது. "அந்த மனுஷன் என்ன நினைச்சிருப்பான்! யாரோ ஒருத்தன் வந்து கட்டிப்பிடிச்சு, உன் சைக்கிளை உடைச்சுட்டேன்னு ஓன்னு அழுதா... லாரிக்காரனுக்கு ஏதுய்யா சைக்கிளுன்னு முழிச்சிருப்பான்!" சிரிப்பில் பஞ்சு நழுவிவிடும் போலிருந்தது. டெய்லரம்மா பதறிப்போய் அதைச் சரிசெய்தாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"சரி, அவனுக்கு யாராவது வந்து போறாங்களா?"

பார்வையாளர் நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தாள். மூன்றாம் வரிசை ஒன்பதாவது கல்லுக்கு ஒரு பதிவும் இல்லை.

"ஒருத்தரும் வந்ததில்ல."

"அப்படின்னா அந்த அழுகை வீண் போகல," என்றார் பெரியவர். "எந்திரிங்க, நம்ம ஆளைப் பாப்போம்."

ஏழாம் வரிசையில் அவள் இந்தத் தடவை பெயர், வயது, பிரிவு எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"அழுகை வர மாட்டேங்குதும்மா. எல்லாத்தையும் அங்கயே கொட்டிட்டேன்."

"அதனால என்ன? வர்றதைப் பேசுங்க."

அவர் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "டேய் அண்ணா. நான் இப்ப உனக்குப் பெரியவன், தெரியுமா? உனக்கு இருபத்தொண்ணு, எனக்கு அறுபத்தாறு. இனிமே நீதான் எனக்கு மரியாதை குடுக்கணும். முதல்ல இதைக் கேளு, உன் சைக்கிளை வாய்க்கால்ல விட்டுட்டேன். அது ஒண்ணும் சும்மா விழல. நேரா போய் வாத்தியார் குளிச்சுக்கிட்டு இருந்த இடத்துல விழுந்துச்சு. மனுஷன் துண்டோட எழுந்து ஓடினாரு பாரு..."

அதே கதைதான். ஆனால் இப்போது வாத்தியார் வந்தார், துண்டு வந்தது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்மா திட்டியபடி வந்த ஊர்வலமும் வந்தது. அங்கே அழுதபோது மறந்துபோன வேடிக்கையெல்லாம் இங்கே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்லின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற இரண்டு பையன்களைப் போல அவர் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா இந்தத் தடவை தள்ளிப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள்.

மொபெட் சத்தம் கேட்டபோது சூரியன் உச்சி தாண்டியிருந்தது. தோட்டக்காரர் பெல்ட்டைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு வந்தார். கல்லறைக்கு நடுவே இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தோட்டக்காரரா? வாங்க, வாங்க!" பெரியவர் குரல் வந்த திசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "உங்க வீட்டம்மா கை மணம் இருக்கே, நாக்குலயே நிக்குது. மனசு அதுக்கும் மேல. தப்பை மறைக்காம சொல்றவங்க எத்தனை பேரு? நீங்க கொடுத்து வச்சவரு."

"எந்த வீட்..." என்று தோட்டக்காரர் ஆரம்பித்தார். டெய்லரம்மா ஒரு பார்வை பார்த்தாள். மீதிச் சொல்லை விழுங்கிக்கொண்டார்.

நடந்ததைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்க ரெண்டு பேரையும் நானே முதல் வருஷம் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். அதனாலதான் இவருக்கு மஞ்சள் பூ, அவருக்குச் சிவப்பு. போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

கிளம்பும் முன் பெரியவர் பார்வையாளர் நோட்டில் எழுதச் சொன்னார். அவர் சொல்ல டெய்லரம்மா எழுதினாள். வந்தவர் பெயர், ஊர், யாரைப் பார்க்க. ஏழாம் வரிசை, பதினாலு. உறவு: தம்பி.

"அடுத்த வரியிலயும் எழுதும்மா. மூணாம் வரிசை, ஒம்பது."

"உறவுன்னு இருக்கே. அதுல என்ன எழுத?"

"தம்பின்னே எழுது."

"அவரு உங்களுக்கு..."

"முக்கால் மணி நேரம் அழுதிருக்கேன்மா. அதுக்கு மேல என்ன சொந்தம் வேணும்?"

எழுதினாள். தோட்டக்காரர் அவள் தோளுக்கு மேலாக அந்த வரியைப் படித்தார். திரும்பிக்கொண்டு, இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

மூன்று மணிப் பேருந்தில் பெரியவரை ஏற்றிவிட்டு வந்ததும் மிஷினுக்குப் பெல்ட் மாட்டினார்கள். அவள் விளக்கு பிடிக்கிற மாதிரி ஸ்பேனர் பிடித்துக் கொடுத்தாள். புல் காய்ந்து பதமாக இருந்தது. அவர் வெட்டிக்கொண்டு போக, அவள் பின்னாலேயே வாரிக் கூடையில் சேர்த்தாள். வெட்டிய புல்லின் வாசனை தோட்டம் முழுக்க ஏறியது. நாலு வரிசை முடிந்ததும் அவர் மிஷினை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"அவரு வீட்டம்மான்னு சொன்னப்ப நீங்க ஏன் இல்லைன்னு சொல்லல?"

"எங்க நேரம் இருந்துச்சு? அடுப்புல சோறு இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் டெய்லரம்மா. "நாள் பூரா இவங்களைப் பத்தியே பேசறீங்களே. வீட்டுக்குள்ள வந்த பிறகு பேசறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்குமா?"

தோட்டக்காரர் பூட்ஸில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"வேற யாருகிட்டப் பேச? இவங்ககிட்டப் பேசிப் பழகிட்டேன், இவங்களைப் பத்தியே பேசியும் பழகிட்டேன். ஆனா டெய்லரம்மா, ஆறு வருஷத்துல நான் ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒண்ணு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவள் புல்லை வாருவதுபோல் குனிந்துகொண்டாள். அவளுக்கு இப்போது முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. "வெங்காயத்தை விதைப் பெட்டியில வைக்கிற ஆளுக்குப் பதில் சொல்ல ஆளு வேணும்தான்," என்றாள் கூடையிடம்.

அவர் மறுபடி கயிற்றைச் சுண்டினார். கடைசியாக முதல் வரிசையோரம் அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் பையில் ஃபோன் அடித்தது. அக்கா. மிஷின் சத்தத்தில் கேட்காது என்று இரண்டு பேருமே கத்த வேண்டியிருந்தது.

"என்னடி, இன்னும் அங்கயா இருக்க? என்ன சத்தம் அது?"

"புல்லு வெட்டறாருக்கா!"

"நீ என்ன பண்ற?"

"வாரிப் போடறேன்!"

அக்காவின் குரல் தழைந்தது. "ஏண்டி, நெஜமாவே அங்க இருந்துருவியா? எத்தனை பேருடி இருக்காங்க அங்க?"

"நூத்தி எண்பத்தி மூணு பேரு அக்கா!" என்று டெய்லரம்மா தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "அத்தனை பேரும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க!"

புல்வெட்டும் மிஷின் கோணிக்கொண்டு போய், சமையல்காரரின் பூச்செடியைப் பாதி மொட்டையடித்துவிட்டு நின்றது.